ரிமோட்டில் பறக்கும் ட்ரெய்னர் மாடல் விமானத்தை ஓட்டப் பழகிவிட்டேன். அடுத்து டைகர் மாத் என்கிற பழைய பயிற்சி விமானத்தின் பால்சா மரக் கிட் வாங்கிக் கட்டலாமா? பைப்ளேன், அதாவது இரட்டை அடுக்கு இறக்கை விமானம், கட்டுவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாகக் கட்டலாம். நான்கு சேனல் ட்ரெய்னரை ஒழுங்காக ஏற்றி இறக்கத் தெரிந்து, பால்சா வெட்டி ஒட்டிய பழக்கமும் கொஞ்சம் இருந்தால், 1400 மிமீ இறக்கை நீளத்தில் வருகிற லேசர் கட் டைகர் மாத் உங்கள் கைக்கு எட்டாத வேலை இல்லை. பைப்ளேன் என்றாலே அடங்காது, தரையில் சுற்றிக்கொள்ளும், திடீரென்று ஒரு பக்கம் சாயும் என்று மைதானத்தில் பயமுறுத்துவார்கள். அப்படிப் பறக்கிற மாடலை மேசையில் வைத்து அளந்து பாருங்கள், பெரும்பாலும் இரண்டு இறக்கைகளும் ஒன்றுக்கொன்று கோணலாக நிற்கும், இல்லையென்றால் வால் கனமாக இருக்கும். நேராகவும் வால் லேசாகவும் கட்டிய டைகர் மாத் அவ்வளவு நிதானமாகப் பறக்கும். அதனால் இந்தப் பதில் பெரும்பாலும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

முதலில் வாலை எடுத்துக்கொள்வோம். கிட்டைப் பிரித்ததும் ஒட்ட உட்காராதீர்கள். ஒரு டிஜிட்டல் தராசை வைத்துக்கொண்டு பால்சா துண்டுகளை எடை போட்டுப் பிரியுங்கள். ஒரே தடிமன், ஒரே நீளம் உள்ள இரண்டு குச்சிகளில் ஒன்று இன்னொன்றைவிடக் கணிசமாகக் கனமாக இருக்கும், பால்சாவின் இயல்பே அப்படி. கனமானது மூக்குப் பக்கம், லேசானது வால் பக்கம். வாலில் கூடுகிற ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஏறக்குறைய மூன்று கிராம் சேர்த்துத்தான் சமன் செய்ய முடியும், ஏனென்றால் சிஜியிலிருந்து, அதாவது விமானத்தின் எடை சமனாகிற புள்ளியிலிருந்து, வால் அவ்வளவு தள்ளி இருக்கிறது. வாலில் பத்து கிராம் பசை அதிகமானால் மூக்கில் முப்பது கிராம் ஈயம், ஆக நாற்பது கிராம் சும்மா பறக்கிறது. அதனால் வால் பகுதியில் தண்ணீர் மாதிரி ஓடும் மெல்லிய சூப்பர் க்ளூவை மூட்டில் ஒரு சொட்டு விட்டால் போதும். அரால்டைட்டை மோட்டார் உட்காரும் ஃபயர்வால், லேண்டிங் கியர் பிடிக்கும் பிளைவுட் மாதிரி இடங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகுவது வேண்டாம், மெதுவாக இறுகுவதுதான் மரத்துக்குள் ஊறும். மற்ற இடங்களுக்குச் சாதாரண வெள்ளை மரப்பசையே நன்றாக இருக்கிறது. காய நேரம் எடுத்தாலும், அந்த நேரத்தில் கோணலைத் திருத்த வசதி கிடைக்கிறது.

உடல் பகுதி கட்டுவதில் பெரிய சூட்சுமம் இல்லை. வளையாத பலகை ஒன்று வேண்டும், பழைய ஃப்ளஷ் கதவு அருமையான கட்டுமேசை. வரைபடத்தின் மேல் பாலிதீன் விரித்து, இரண்டு பக்கச் சட்டங்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகவே கட்டினால் இரண்டும் ஒரே அளவில் வரும். மூக்கின் நடுவிலிருந்து வால் நுனிவரை ஒரு நூலைக் கட்டி, ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் நடுப்புள்ளியும் அந்த நூலுக்கு நேர் கீழே வருகிறதா என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

இனி கபேன் ஸ்ட்ரட். மேல் இறக்கையை உடலோடு பிடித்து நிறுத்துகிற கம்பிகள் இவை. பைப்ளேன் நேராக வருமா கோணலாக வருமா என்பது இங்கேதான் முடிவாகிறது. பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர் அளவிலான பியானோ கம்பி கொடுப்பார்கள். அதை வளைத்து, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, மூட்டில் மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்று இடைவெளி இல்லாமல் இறுக்கமாகச் சுற்றிய பிறகுதான் சால்டர் ஈயம் வைக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கிற சின்ன சால்டரிங் அயர்ன் இதற்குக் காணாது, கம்பி சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், ஈயம் முத்து முத்தாக மேலே நிற்கும். 80 வாட்டுக்கு மேல் உள்ளதை எடுத்துக் கம்பியையே சூடாக்குங்கள். ஈயம் செம்புச் சுற்றுகளுக்கு நடுவே தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே போகும், சுற்றுகள் வெள்ளியாகப் பளிச்சிடும்போது எடுத்துவிடலாம். அமில ஃப்ளக்ஸ் உபயோகித்தால் ஆறியதும் தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள், இல்லையென்றால் சீக்கிரமே துரு ஏறும், கடலோர ஊராக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

ஆனால் ஈயம் வைப்பதற்கு முன் அளக்க வேண்டும். உடலை ஸ்டாண்டில் வைத்து, வால் இறக்கை பூஜ்யம் டிகிரி காட்டும்படி அசையாமல் நிறுத்துங்கள். கார்பெண்டர்கள் உபயோகிக்கிற சின்ன டிஜிட்டல் கோணமானி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அது போதும். கீழ் இறக்கையைப் பொருத்தி இடது, வலது இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அரை டிகிரி வித்தியாசம் இருந்தால்கூட விமானம் எப்போதும் ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருக்கும், நீங்கள் ஐலரானை (இறக்கையின் பின்விளிம்பில் ஏறி இறங்குகிற தட்டு) ரிமோட்டின் ட்ரிம் பொத்தானால் லேசாகத் திருப்பி வைத்து அதை மறைப்பீர்கள், வேகம் குறையும்போது அந்த மறைப்பு விலகி ஒரு பக்கம் சரியும். பிறகு மேல் இறக்கையைக் கபேன் மேல் உட்கார வைத்து, அதற்கும் இரண்டு பக்கமும் கோணம் பாருங்கள். வால் நுனியில் ஒரு குண்டூசி குத்தி அதிலிருந்து நான்கு இறக்கை முனைகளுக்கும் நூல் பிடித்து அளந்து, மேலே இடதும் வலதும் சமம், கீழே இடதும் வலதும் சமம் என்று வந்த பிறகு ஈயம் வையுங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க இதற்கே போனாலும் போகட்டும், கிட்டிலேயே பலன் அதிகம் தருகிற சாயங்காலம் அதுதான்.

மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே கோண வித்தியாசம் எவ்வளவு இருக்கலாம் என்பதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. மேல் இறக்கை எவ்வளவு முன்னால் தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்து அது மாறும். வரைபடத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதை வையுங்கள், யார் சொன்னாலும் முதல் பறப்புக்கு முன் மாற்றாதீர்கள்.

இறக்கை முனைகளுக்கு நடுவே நிற்கிற ஸ்ட்ரட்டுகளைக் கடைசியில் பொருத்துங்கள். கிட்டில் துளை போட்டே வந்திருந்தாலும், இரண்டு இறக்கையும் சரியான கோணத்தில் நிற்கும்போது அந்தத் துளை எங்கே வருகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் அடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். துளைக்காக இறக்கையை இழுத்து ஸ்க்ரூ போட்டால் அந்த முறுக்கு அப்படியே நின்றுவிடும். இறக்கைகளுக்கு நடுவே குறுக்காகக் கட்டுகிற பறப்புக் கம்பிகளும் அப்படித்தான். வரைபடத்தில் பலத்துக்காகக் கம்பி கொடுத்திருந்தால் மீன்பிடிக் கடையில் கிடைக்கிற பிளாஸ்டிக் பூசிய ஸ்டீல் கம்பியை இரண்டு பக்கமும் ஒரே இழுப்பில் கட்டுங்கள், கட்டிய பிறகு மறுபடி கோணம் பாருங்கள். அழகுக்கு மட்டும் என்றால் தையல் கடை எலாஸ்டிக் நூல் போதும், தூரத்திலிருந்து பார்க்க அசலாகத் தெரியும், எதையும் முறுக்காது.

சிஜி கணக்கில் டைகர் மாத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அசல் டைகர் மாத் முதலில் பறந்தது 1931 அக்டோபர் 26 அன்று. அதற்கு முந்தைய மாத் விமானங்களில் முன் இருக்கைக்கு நேர் மேலே பெட்ரோல் டாங்க், பக்கத்திலேயே ஸ்ட்ரட்டுகள், பாரசூட் மாட்டிக்கொண்டு அவசரத்தில் வெளியேற வழி இல்லை. பயிற்சி விமானத்தில் அது கூடாது என்பதால் இதைத் தயாரித்த டி ஹாவிலாண்ட் கம்பெனி ஆட்கள் மேல் இறக்கையை முன்னால் தள்ளினார்கள். தள்ளியதும் தூக்குவிசையின் மையமும் முன்னால் போய்விடுமே, அதை ஈடுகட்ட இறக்கைகளைப் பின்பக்கமாகச் சாய்த்தார்கள். அந்தச் சாய்வுதான் இன்றுவரை டைகர் மாத்தின் அடையாளம். உங்களுக்கு இதனால் என்ன என்றால், ட்ரெய்னரில் செய்வதுபோல இறக்கையின் அடியில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு என்று விரல் வைத்துத் தூக்கிப் பார்ப்பது இங்கே செல்லாது. மேல் இறக்கையின் ஒரு பாதியை எடுத்து அதன் சராசரி அகலம் எங்கே விழுகிறது என்று தாளில் வரையுங்கள், கீழ் இறக்கைக்கும் அதேபோல. இரண்டின் பரப்பும் ஏறக்குறைய சமம் என்பதால் இரண்டு முன்விளிம்புகளுக்கும் நடுப்புள்ளிதான் கணக்கின் தொடக்கம், அதிலிருந்து சராசரி அகலத்தில் 25 முதல் 28 சதவீதத்துக்குள் சிஜி வரட்டும். வரைபடத்தில் குறித்திருக்கிற புள்ளியோடு இது ஒத்துப்போனால் நிம்மதியாகத் தூங்கலாம், ஒத்துப்போகாவிட்டால் கணக்கை மறுபடி போடுங்கள், இரண்டில் எது முன்னால் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். அந்த இடத்தை மேல் இறக்கையின் நடுப்பகுதியில் குறித்து, பேட்டரி உள்ளே இருக்கும்போது நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். மூக்கு சற்றுக் கனமாக இருந்தால் விமானம் சோம்பலாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனமாக இருந்தால் திரும்பி வராது.

நல்ல வேளையாக இதற்கு மூக்கு நீளம். அசலில் ஜிப்ஸி மேஜர் என்கிற நான்கு சிலிண்டர் எஞ்சின் தலைகீழாக, ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்திருக்கும், அந்த நீளக் கவசத்துக்குள் உங்கள் பேட்டரியை முன்னே பின்னே நகர்த்தியே பெரும்பாலும் சமன் செய்துவிடலாம். சோப்வித் கேமல் மாதிரிக் குட்டை மூக்கு விமானங்களுக்கு இந்த வசதி இல்லை, ஈயம் அடைத்தே தீர வேண்டும். முதல் பைப்ளேனாக அதை வாங்காததே நல்லது.

மோட்டார் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். 1400 மிமீ டைகர் மாத் 1.8 கிலோவுக்குள் முடிந்தால் சுமார் 400 வாட் போதும். 4எஸ் (நான்கு செல்) லிப்போ பேட்டரி, 700 முதல் 800 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் அத்தனை சுற்று) மோட்டார், 12×6 (விட்டம் × பிட்ச், அங்குலத்தில்) ப்ரொப்பெல்லர் என்று ஆரம்பித்து வாட் மீட்டரில் அளந்துகொள்ளுங்கள். இரண்டு இறக்கை, ஸ்ட்ரட், கம்பி எல்லாம் காற்றை இழுப்பதால் இதற்கு வேகம் தேவையில்லை, இழுவைதான் தேவை, அதனால் விட்டம் பெரிதாகவும் பிட்ச் சிறிதாகவும் இருக்கட்டும். மோட்டாரைக் கீழ்நோக்கி இரண்டு டிகிரி, வலப்பக்கம் இரண்டு டிகிரி சாய்த்து வைப்பது வழக்கம், உங்கள் வரைபடம் வேறு எண் சொன்னால் அதைக் கேளுங்கள். அசல் விமானத்தின் ப்ரொப்பெல்லர் விமானியின் இடத்திலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றும், நாம் போடுவது வலஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே அசல் டைகர் மாத் ஓட்டியவர்கள் ஓடுபாதையில் வலப்பக்கம் இழுக்கும் என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு மாடலில் இடது ரட்டர் (வாலில் செங்குத்தாக நிற்கிற திருப்புத் தட்டு) பிடிக்காதீர்கள், உங்களுடையது இடப்பக்கம்தான் இழுக்கும்.

சட்டத்தை மூடுகிற பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டும்போது மேல் இறக்கையின் முனைகளைக் கவனியுங்கள். வரைபடம் வாஷ்அவுட் (முனையில் இறக்கையின் கோணம் குறைவது) கேட்டால், முனையின் பின்விளிம்பை ஒருவர் லேசாக மேலே முறுக்கிப் பிடிக்க, இன்னொருவர் அயர்ன் ஓட்ட வேண்டும். ஃபிலிம் சுருங்கி இறுகியதும் அந்த முறுக்கு நின்றுவிடும். இரண்டு முனையிலும் ஒரே அளவு வந்ததா என்பதைக் கோணமானிதான் சொல்ல வேண்டும், கண் ஏமாற்றும். நம் ஊர் வெயிலில் ஃபிலிம் தளரும், மறுபடி இழுக்கும்போது முறுக்கு மாறியிருக்கலாம், அப்போதும் அளந்து கொள்ளுங்கள். கீழ்ப்பக்கத்துக்கு வேறு நிறம் போடுங்கள், தூரத்தில் எது மேல் எது கீழ் என்று தெரியாமல் போவது பைப்ளேனில் சீக்கிரம் நடக்கும்.

ரிமோட் செட்டிங்கில் ஒன்றுதான் முக்கியம். டைகர் மாத்தில் ஐலரான் கீழ் இறக்கையில் மட்டும் உண்டு. கீழே இறங்குகிற ஐலரான் அந்தப் பக்கத்தைக் காற்றில் பின்னுக்கு இழுக்கும், இடப்பக்கம் திருப்பினால் மூக்கு வலப்பக்கம் போகும். அதனால் மேலே 16 மிமீ, கீழே 6 மிமீ என்கிற கணக்கில் டிஃபரன்ஷியல் வைத்துத் தொடங்குங்கள். இரண்டு ஐலரான் சர்வோ இருந்தால் ரிமோட்டிலேயே செய்துவிடலாம். ஐலரானோடு ரட்டரை 25 சதவீதம் மிக்ஸ் செய்யலாம், ஆனால் சீக்கிரமே அதை எடுத்துவிட்டு இடது கைப் பெருவிரலைப் பழக்குங்கள். ரட்டரும் ஐலரானும் சேர்ந்து திரும்புகிற டைகர் மாத்தைப் பார்க்கிற அழகே தனி, இந்த விமானத்தைக் கட்டுவதே அதற்காகத்தான் என்பேன். எக்ஸ்போ (குச்சியை நடுவில் மென்மையாக்குகிற செட்டிங்) 30 சதவீதம், சிக்னல் போனால் த்ராட்டில் பூஜ்யம், ரேஞ்ச் செக் எல்லாம் ட்ரெய்னரில் செய்ததுதான்.

பறக்க விடும் இடம் இந்தியாவில் என்றால், 2021 ட்ரோன் விதிகள் வந்த பிறகு அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சை மண்டலமா (முன் அனுமதி இல்லாமல் பறக்க விடலாம் என்கிற பகுதி) என்று பார்த்துவிட்டுப் போவது அவசியம். பச்சையில் அதிகபட்சம் 400 அடி உயரம்வரைதான், டைகர் மாத்துக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

முதல் நாள் காற்று படுத்திருக்கிற காலை நேரமாகப் பாருங்கள். தரையில் மெதுவாக ஓடும்போது எலிவேட்டரை (வாலில் கிடையாக இருக்கிற தட்டு) மேலே இழுத்தே வைத்திருங்கள், புல்லில் மூக்கு குத்தாது. கிளம்பும்போது த்ராட்டிலை மெதுவாக ஏற்றி, வேகம் கூடக்கூட அந்த இழுப்பைத் தளர்த்துங்கள், வலது ரட்டர் தயாராக இருக்கட்டும், வால் தானாக எழும்பிய பிறகு லேசாக இழுத்தால் போதும். மேலே போய்ப் பாதி த்ராட்டிலில் ட்ரிம் பார்த்து, நல்ல உயரத்தில் த்ராட்டிலைக் குறைத்து எப்படி ஸ்டால் ஆகிறது (வேகம் போதாமல் இறக்கை தூக்குவிசையை இழப்பது) என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்ரெய்னர் பழக்கத்தில் த்ராட்டிலை முழுதாக மூடி மிதக்கவிட்டு இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். இத்தனை கம்பியும் ஸ்ட்ரட்டும் பிரேக் போட்ட மாதிரி இழுக்கும், மூக்கு கீழே விழுந்து செங்குத்தாக இறங்கும். கால் பங்கு த்ராட்டிலோடு வந்து, சக்கரம் தொடுகிறவரை அதை விடாமல், தொட்ட பிறகு மூடுங்கள்.

இறங்கியதும் கபேன் மூட்டுகளில் ஈயம் விரிசல் விட்டிருக்கிறதா, ஸ்ட்ரட் ஸ்க்ரூ ஏதாவது தளர்ந்திருக்கிறதா என்று விரலால் ஆட்டிப் பாருங்கள். ஒரு முரட்டு லேண்டிங் ஆகியிருந்தால் வீட்டுக்குப் போய்க் கோணமானியை எடுத்து நான்கு பக்கமும் மறுபடி அளந்த பிறகே அடுத்த முறை கிளப்புங்கள்.