வாசகர் கேள்வி, தோல் மருத்துவர் பதில்: முகவரி இல்லாத டப்பா

வளைகுடா நாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் கொடுக்கும் முகவெளுப்புக் கிரீமை மூன்று ஆண்டுகளாகப் பூசி வருகிறேன். நிறம் வெளுத்தது உண்மை. ஆனால் இப்போது நான்கு நாள் நிறுத்தினாலே முகம் சிவந்து எரிகிறது. நச்சில்லாத கிரீமுக்கு மாற விரும்புகிறேன். எதை வாங்கலாம்?
– வாசகி, கீழக்கரை

எதை வாங்குவது என்பதைச் சற்று ஒத்திவையுங்கள். இதுவரை எதைப் பூசினீர்கள் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சில வாரங்களிலேயே முகத்தை வெளுக்கச் செய்யும் கிரீம் என்றால் எனக்கு எழும் ஐயம் இரண்டு: ஒன்று ஸ்டீராய்டு, மற்றொன்று பாதரசம். நிறுத்தியதும் சிவந்து எரிவது, பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகளுக்குப் பழகிய தோலின் அடையாளம். இவை தோலை மெலியச் செய்யும். நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். முகத்தில் பருவும் முடியும் கூடும். மருத்துவச் சீட்டில்லாமல் ஸ்டீராய்டு கிரீம்களை விற்பதைத் தடுக்க 2018-ல் அரசு விதியைக் கடுமையாக்கியது என்றாலும், பெட்டியில் வைத்து அன்போடு கொண்டுவரப்படும் டப்பாவை எந்த விதியும் எட்டுவதில்லை.

பாதரசம் இன்னும் கொடியது. தோல் கருநிறமியை உண்டாக்குவதை அது தடுப்பதால் நிறம் வெளுக்கிறது. ஆனால் அதே பாதரசம் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தில் தங்குகிறது. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021-க்கும் 2023-க்கும் இடையே சிறுநீரில் புரதம் வெளியேறும் நோயோடு வந்த பலர் முகவெளுப்புக் கிரீம் பூசியவர்கள் என்பதை அங்குள்ள சிறுநீரக மருத்துவர்கள் கண்டறிந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். இந்தியாவில் அழகுப் பொருள்களில் பாதரசத்தைச் சேர்க்கக் கூடாது. தற்செயலாகக் கலந்தாலும், கண்ணுக்கானவை தவிர்த்த மற்றவற்றில், பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கலந்திருப்பதைக் கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ அறிய முடியாது. ஆனால் இறக்குமதியாகி முறையாக விற்கப்படும் பொருளில் உட்பொருள் பட்டியலும், இறக்குமதியாளரின் முகவரியும், பதிவுச் சான்றிதழ் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் டப்பாவில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘மூலிகை’ என்று எழுதியிருந்தாலும் நம்ப வேண்டாம்.

இரண்டில் எது என்று தெரியாத நிலையில், பூச்சை நிறுத்திவிட்டு, அந்த வாரமே டப்பாவுடன் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறிடத்திலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். நிறுத்திய பின் வரும் எரிச்சலைத் தாங்க முடியாமல் பழைய கிரீமுக்கே திரும்புகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அந்தச் சில வாரங்களைக் கடக்க மருத்துவர் மருந்து தருவார். சிறுநீரில் புரதம் உண்டா என்ற எளிய பரிசோதனையையும் செய்துகொள்ளுங்கள். காலில் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் தாமதிக்க வேண்டாம். குழந்தைகள் உங்கள் தலையணையையும் துண்டையும் பயன்படுத்தினால் அவற்றைத் தனியே துவையுங்கள். பாதரசம் ஆவியாகிக் காற்றிலும் கலக்கும். மீந்த டப்பாவைக் குப்பையிலோ கடலிலோ எறியாமல், மூடி நெகிழிப் பையில் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறேன். முகமும் கழுத்தும் கருத்துத் தோலுரிகிறது. சன்ஸ்கிரீன் பூசலாமா? அது கடலைக் கெடுக்கும் என்கிறார்களே?
– வாசகி, பாம்பன்

பூசலாம்; ஆனால் உங்களுக்கு முதல் காவல் துணிதான். சேலைமேல் அணியும் முழுக்கைச் சட்டையும், கழுத்து மறையக் கட்டும் துண்டும் தரும் காப்பை, உப்புநீரில் மணிக்கணக்காக நிற்கும்போது எந்தக் கிரீமும் தராது. துணி மறைக்காத மூக்கு, கன்னம், காது ஆகிய இடங்களுக்கு மட்டும் எஸ்.பி.எஃப். எனப்படும் வெயில் காப்பு அளவு 30 அல்லது அதற்கு மேற்பட்ட, ஜிங்க் ஆக்சைடு உள்ள பூச்சைத் தடவுங்கள். முகத்தில் வெள்ளையாகத் தெரிந்தால் தெரியட்டும். சில சன்ஸ்கிரீன்களில் உள்ள ஆக்சிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்னும் இரண்டும் கடலடிப் பவளத்துக்குக் கேடு என்று கருதி, அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2021 முதல் கடைகளில் அவற்றின் விற்பனையைத் தடை செய்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளத்தை அதிகம் வெளுக்கச் செய்வது சூடேறும் கடல்நீர்தான், உங்கள் மூக்கில் பூசும் கிரீம் அல்ல. என்றாலும் தவிர்க்கக் கூடியதைத் தவிர்ப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. நீங்கள் எடுக்கும் கட்டக்கோரைப் பாசியிலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்ஜினேட், கிரீம்களைக் கெட்டிப்படுத்தப் பயன்படும் பொருள்களுள் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது.

ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடத்தில் வெண்மையாகிவிட்டது. வெண்குஷ்டமா?
– வாசகி, தேவிபட்டினம்

பெரும்பாலும் இல்லை. சில பொட்டுகளின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் நிறமி செல்களை அழிக்கக் கூடியது. இன்றே பொட்டை விட்டுவிடுங்கள். தொடக்கத்திலேயே விட்டவர்கள் பலருக்கு நிறம் திரும்புகிறது. வெண்மை பரவினாலோ வேறிடத்தில் தோன்றினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

‘பாராபென் இல்லை’, ‘கெமிக்கல் இல்லை’ என்று எழுதியவை விலை அதிகம். எனக்கு வசதி குறைவு. எலுமிச்சைச் சாறும் வீட்டுப் பொருள்களும் போதுமா? எதிலிருந்து மாறத் தொடங்குவது?
– கல்லூரி மாணவி, மண்டபம்

கெமிக்கல் இல்லாத பொருள் என்று உலகில் ஒன்றுமில்லை, தண்ணீரும் கெமிக்கல்தான். பாராபென் என்பது கிரீமில் கிருமி வளராமல் காக்கும் பொருள். ஐரோப்பிய ஒன்றியம் பாராபென் வகைகளுள் ஐந்தைத் தடை செய்தாலும், மெத்தில் பாராபெனை 0.4 விழுக்காடு வரை இன்றும் அனுமதிக்கிறது. அந்தச் சொல்லுக்கு அஞ்சிக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவி மண்டபத்து வெயிலில் நடந்தால் கொப்புளமும் கரும்படையும் வரலாம். கறிக்கும் சர்பத்துக்குமே அது போதும்.

மாற்றத்தைக் கண்ணிலிருந்து தொடங்குங்கள். காரீயத் தாதுவை அரைத்துச் செய்த சுர்மாவும், முகவரியில்லாத மையும் முதலில் போகட்டும். அடுத்தது உதட்டுச் சாயம், ஏனெனில் அதில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறோம்; உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் உள்ளதை மட்டும் வாங்குங்கள். கல்யாண வீடுகளில் அரை மணியில் கருக்கும் ‘கருப்பு மெஹந்தி’யில் தலைச்சாயத்துக்குரிய பி.பி.டி. என்னும் வேதிப்பொருள் கலந்திருக்கும், வீட்டில் அரைத்த மருதாணி செந்நிறமாகத்தான் பிடிக்கும், அதுவே நல்லது. அன்றாடத்துக்கு மணமில்லாத எளிய ஈரப்பதக் கிரீம் ஒன்றும், வெயில் காப்பு ஒன்றும் போதும். புதிய பொருள் எதுவானாலும் முழங்கையின் உட்புறத்தில் நாளுக்கு இருமுறை ஒரு வாரம் பூசிப் பார்த்த பின்பே முகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். கல்யாணத்துக்கு முந்தைய நாள் மட்டும் எதையும் புதிதாகத் தொடங்க வேண்டாம்.