நாற்பது பேருக்குப் பாடுவது

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அலுவலக நண்பர் ஒருவர் சரடோகா ஸ்பிரிங்ஸில் இருக்கும் ‘கஃபே லீனா’வுக்குக் கூட்டிக்கொண்டு போனார். காபி குடித்தபடியே நாட்டுப்புறப் பாட்டு கேட்கும் ‘காபிஹவுஸ்’ அது. மாடியில் ஒரு சின்ன கூடம், சின்ன மேடை, நெருக்கமாகப் போட்ட மேசைகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிட்டாரோடு தனியாக வந்து இரண்டு மணி நேரம் பாடினார். கேட்க வந்தவர்கள் நாற்பது பேர் இருந்தால் அதிகம். பாட்டு பிடித்திருந்தது, ஆனால் பாதி நேரம் அவருக்காக வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தேன். பாப் டிலன் இங்கே பாடியிருக்கிறார் என்று நண்பர் பெருமையாகச் சொன்னார். டிலன் எங்கோ போய்விட்டார், இவர் இங்கேயே தேங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றியது. இப்படி நினைப்பது தவறா? இன்னொன்று: கிட்டார் கற்றுக்கொள்ளும் என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவளை அங்கே அழைத்துப் போகலாமா?

க., ஆல்பனி

அன்புள்ள க.,

வருத்தம் பாடகர் மீதுள்ள அன்பால் வந்தது என்று புரிகிறது. ஆனால் நாற்பது பேருக்குப் பாடுவதை நாலாயிரம் பேருக்குப் பாடுவதற்கு முந்தைய படி என்று வைத்துக்கொள்கிறீர்கள். நீங்கள் கேட்ட இசை அந்த அளவு கூடத்துக்கென்றே அமைந்தது. பெரிய அரங்குக்குக் கொண்டு போனால் அது வேறொன்றாகிவிடும்.

ஹார்வர்டில் பேராசிரியராக இருந்த பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்ட், இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305ஐத் தொகுத்து 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பதிப்பித்தார். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்கள் இன்றும் அதிலிருந்து எடுத்துப் பாடுகிறார்கள். அவற்றில் பல பாடல்கள் பத்து இருபது கண்ணிகள் ஓடும். மெட்டு மாறாது, குரலில் ஆர்ப்பாட்டம் இருக்காது. கொலையும் வஞ்சமும் கடலுக்குப் போனவன் திரும்பாததும் எல்லாம் சொல்லில்தான் நடக்கும். ஒரு கண்ணி காதில் விழாமல் போனால் கதை அறுந்துவிடும். 1958இல், அதே ஹார்வர்டுக்குப் பக்கத்தில் ஜாஸ் இசைக்காகத் தொடங்கப்பட்ட ‘கிளப் 47’ என்ற காபிஹவுஸில், பின்னாளில் புகழ்பெற்ற நாட்டுப்புறப் பாடகி ஜோன் பேயஸ் பாட வந்தபோது அவருக்குப் பதினேழு வயது. இந்தப் பழைய கதைப்பாடல்களைத்தான் அந்தக் குரலில் கேட்டுச் சொக்கிப்போனார்கள்.

வயதைப் பற்றிச் சொன்னீர்கள். மிஸிஸிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்பினப் பாடகர் 1928இல் சில பாடல்களை இசைத்தட்டுக்காகப் பாடினார். அவை விற்கவில்லை. ஊருக்குத் திரும்பிப் பண்ணை வேலைக்குப் போய்விட்டார். 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர், அவர் பாட்டு ஒன்றில் வரும் ‘அவலான்’ என்ற ஊர்ப்பெயரை வைத்துக்கொண்டு தேடிப்போய் அவரைக் கண்டுபிடித்தார். அப்போது ஹர்ட்டுக்கு எழுபதை ஒட்டிய வயது. 1966இல் இறக்கும்வரை விழாக்களிலும் காபிஹவுஸ்களிலும் பாடினார். பதிவுகளைக் கேட்டுப் பாருங்கள். கட்டைவிரல் அடிநாதக் கம்பிகளில் மாறி மாறி நடக்கும், மற்ற விரல்கள் மெட்டைப் பாடும், குரல் பக்கத்தில் இருப்பவரிடம் பேசும் அளவுக்கே எழும். அவர் தேங்கிப்போனவர் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

டிலன் கதைக்கு வருகிறேன். அவர் கஃபே லீனாவில் பாடியது 1961இல். அன்று கூட்டம் அவரைக் கவனிக்காமல் பேசிக்கொண்டிருந்தது என்றும், உரிமையாளர்களில் ஒருவரான பில் ஸ்பென்சர் மேடையேறி எல்லோரையும் கடிந்துகொண்டார் என்றும் சொல்வார்கள். நான் அந்த இடத்தை மதிப்பது டிலனுக்காக அல்ல, அந்தக் கடிந்துகொள்ளலுக்காக. பில்லும் மனைவி லீனாவும் 1960இல் அதைத் திறந்தபோது, சில வருடம் சம்பாதித்துக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போய்விடுவதுதான் திட்டம். சில வருடங்களில் பில் பிரிந்து போனார். லீனா போகவில்லை. 1989இல் இறக்கும்வரை கடன், வாடகை எல்லாவற்றோடும் மல்லுக்கட்டி நடத்தினார். பாட வந்தவர்களுக்குச் சோறும் போட்டு, படுக்க இடமும் கொடுத்தார். அவருக்குப் பின் நண்பர்கள் லாப நோக்கமற்ற அமைப்பாக்கி இன்றுவரை கொண்டுவந்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட இடங்களை நடத்துபவர்கள் அநேகமாகத் தன்னார்வலர்கள்தான். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்தில் பல காபிஹவுஸ்கள் தேவாலயத்து பேஸ்மென்ட்களில் நடக்கின்றன. மாசசூசெட்ஸில் அப்படி ஒன்றில் உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் டிக்கெட் கொடுத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வீட்டில் சுட்டுக் கொண்டுவந்த பிரவுனியை அவரே இடைவேளையில் விற்றார். பாட்டு தொடங்கியதும் காபி ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள், கோப்பைச் சத்தம்கூட இல்லை. பாடகர் கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்தபடியே அந்தப் பாட்டை யாரிடம் கற்றார் என்று சொன்னார். கடைசிப் பாட்டுக்கு மைக்கை விட்டு விலகி மேடை விளிம்புக்கு வந்து நின்றார். பல்லவி திரும்ப வந்தபோது கூட்டமே பாடியது. பின்வரிசையில் ஒரு கிழவர் மட்டும் கீழ்ஸ்தாயியில் வேறொரு மெட்டைப் பிடித்து அதோடு இணைந்தார். பாடகர் தன் குரலைத் தாழ்த்தி அவருக்கு இடம் விட்டார். பெரிய அரங்கில் அந்தக் கிழவரின் குரல் மேடைக்கு எட்டியே இருக்காது.

நீங்கள் வருத்தப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது காசு. அறுபதுகளில் நியூயார்க் நகரத்துக் கிரீன்விச் வில்லேஜ் பகுதியின் காபிக்கடைகள் பலவற்றில் பாடகருக்குச் சம்பளமே கிடையாது. பாடி முடித்ததும் கூடை ஒன்று சுற்றிவரும், அதில் விழுவதுதான் வருமானம். இன்று பெரும்பாலும் டிக்கெட் வசூலில் பங்கு, அல்லது பேசிவைத்த தொகை. நாற்பது பேர் வந்த இரவில் பெட்ரோலுக்கும் மோட்டலுக்கும் போக என்ன மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த நாள் இருநூறு மைல் தள்ளி இன்னொரு ஊரில் பாட வேண்டியிருக்கும். அதனால் இடைவேளையில் அவர் மேசையில் அடுக்கியிருக்கும் சிடியில் ஒன்றை அவர் கையாலேயே வாங்குங்கள். வீட்டில் சிடி பிளேயர் இல்லாவிட்டாலும் வாங்குங்கள்.

மகளைத் தாராளமாக அழைத்துப் போகலாம். ‘ஓபன் மைக்’ இரவாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது. தாளில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருந்தால் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பாட்டு கிடைக்கும். முதல்முறை மேடையேறிக் கை நடுங்குபவரும், பல வருடம் பாடித் தேர்ந்தவரும் அடுத்தடுத்து வருவார்கள். இரண்டு பேருக்கும் அந்தக் கூட்டம் ஒரே மாதிரி காது கொடுக்கும். முன்மேசையில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், விரல்கள் என்ன செய்கின்றன என்று அவள் பக்கத்திலிருந்து பார்க்கலாம். இரண்டாம் தடவை போகும்போது கிட்டாரையும் எடுத்துவரட்டுமா என்று அவளே கேட்டால், சரி என்று சொல்லுங்கள்.