கங்காருவுக்கு ஒரு வேளை, மேக்பைக்கு ஒரு பருவம்

தம்பி,

நீங்கள் திருமங்கலத்திலிருந்து ஜூலைக் கடைசியில் முனைவர் பட்டப் படிப்புக்காக ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்குப் புறப்படுகிறீர்கள். பெல்கானன் பகுதியில் அறை பார்த்தாகிவிட்டது, பல்கலைக்கழகத்துக்குச் சைக்கிளில் போய்வர எண்ணம். ஆனால் பறவை தலையில் கொத்துகிறது, கங்காரு குறுக்கே பாய்கிறது, பாதையில் பாம்பு கிடக்கிறது என்று காணொளிகளைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மா பயப்படுகிறார்; இதில் எவ்வளவு உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் உண்மைதான். மூன்றும் ஒரே நாளில் நடப்பதில்லை என்பதைத்தான் அந்தக் காணொளிகள் சொல்வதில்லை.

நான் 2003-இல் அந்த ஊருக்குப் போனவன். பெல்கானனிலிருந்து நகர்மையத்துக்குப் பத்து கிலோமீட்டர் வாக்கில் இருக்கும் பாதையில், அடைமழையும் காய்ச்சலும் நீங்கலான நாட்களிலெல்லாம், சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வருகிறேன். இப்போது விடுப்பில் ஒத்தக்கடையில் அம்மா வீட்டில் இருக்கிறேன். காலையில் அய்யாவின் பழைய ஹெர்குலிஸை எடுத்துக்கொண்டு யானைமலை அடிவாரத்தில் நரசிங்கம் வரை ஒரு சுற்றுப் போய்வந்த கையோடு இதை எழுதுகிறேன். இன்று எதிர்ப்பட்டவை இரண்டு மயில்கள், ஓர் ஆட்டு மந்தை, டீக்கடை வாசலில் படுத்திருந்து என் கெண்டைக்காலைக் குறிவைத்துக் கிளம்பிய ஒரு செவலை நாய். நாய்க்கு என்ன செய்ய வேண்டும் என்பது நம் எல்லோருக்கும் சிறுவயதிலேயே தெரியும்: நின்று, குனிந்து, கல்லெடுப்பது போல் ஒரு பாவனை காட்டினால் போதும், பாதி நாய்கள் திரும்பிவிடும். இந்தக் கைப்பழக்கத்தை மட்டும் விமானம் ஏறும் முன் இங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் வந்து இறங்கும்போது அங்கே நடுக்குளிர்காலம். விடியலில் வெப்பம் சுழியத்துக்குக் கீழே போகும், புல்லெல்லாம் உறைபனியால் வெளுத்திருக்கும், மாலை ஐந்தரை மணிக்குள் பொழுது சாய்ந்துவிடும். அதாவது, நீங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பும் நேரமும் கங்காரு மேய்ச்சலுக்கு இறங்கும் நேரமும் ஒன்றாகிவிடும். பகலெல்லாம் மரநிழலில் படுத்துக் கிடக்கும் கிழக்குச் சாம்பல் கங்காருக்கள் அந்தியில் எழுந்து, விடியும்வரை மேய்பவை. கான்பெரா, காட்டுப் புதர்களைக் குன்று குன்றாக உள்ளேயே வைத்துக் கட்டப்பட்ட நகரம்; உங்கள் வழியிலேயே புரூஸ் மேடும் ஓ'கானர் மேடும் வருகின்றன; இரண்டிலும் கங்காரு உண்டு. வளர்ந்த ஆண் கங்காரு 60 கிலோவைத் தாண்டும். அது உங்களைத் தாக்க வராது. வெளிச்சத்தைப் பார்த்துத் திகைத்து, எந்தப் பக்கம் பாய்வதென்று தெரியாமல் உங்கள் பக்கமே பாய்ந்துவிடும் என்பதுதான் சிக்கல்.

இதற்கு நம் ஊர் ஆட்டு மந்தையே நல்ல பாடம். மேலூர்ச் சாலையில் ஓர் ஆடு குறுக்கே போனால், அடுத்த ஆடு வேலியோரம் நிற்கிறது என்று நமக்குத் தெரியும். சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிவிடுவோம். இதைத் தெரிந்து வைத்திருந்தும் நான் 2009 ஜூன் மாத மாலை ஒன்றில் மறந்தேன். ஒரு கங்காரு இருபது அடி முன்னால் பாதையைத் தாண்டிப் போனது. போய்விட்டது என்ற நிம்மதியில் நான் வேகத்தைக் கூட்டினேன். பின்னாலேயே வந்த இரண்டாவது என் முன்சக்கரத்தில் வாலை அடித்துவிட்டுப் போயிற்று. நான் சரளையில் விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவை இரண்டும் பத்து கஜத்தில் நின்று, காதுகளை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, புல் மென்றுகொண்டிருந்தன. ஆறு வாரம் மாவுக்கட்டு. அதிலிருந்து, ஒன்று தாண்டினால் நின்றுவிடுவேன், இரண்டாவதும் மூன்றாவதும் போகட்டும் என்று. மணி அடித்து விரட்டலாம் என்பார்கள்; என் அனுபவத்தில் மணியொலி அதை மேலும் குழப்பத்தான் செய்கிறது. முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் இரவில் சட்டப்படி கட்டாயம். முன்விளக்கை மட்டும் நல்லதாக வாங்குங்கள், பாதை ஓரத்தில் மின்னும் கண்களை அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஆகஸ்டில் குளிர் விடுவதற்கு முன்பே மேக்பையின் காலம் தொடங்கிவிடும். நம் காகத்தின் அளவில், கறுப்பும் வெள்ளையுமாக, கழுத்துப் பிடரியில் சுண்ணாம்பு பூசியது போல் இருக்கும் பறவை. ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை அதன் இனப்பெருக்கக் காலம், செப்டம்பரில் உச்சம். பெட்டை ஏறத்தாழ மூன்று வாரம் அடைகாக்கும், பிறகு குஞ்சுகள் நான்கு வாரம் கூட்டில் இருக்கும். அந்த ஏழு வாரமும் ஆண் பறவை காவல் நிற்கும். கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சான், தன்னைவிடப் பல மடங்கு பெரிய பருந்தை முதுகில் குத்தி ஊர் எல்லை வரை விரட்டுவதை நீங்கள் வயல்காட்டில் பார்த்திருப்பீர்கள். மேக்பை செய்வதும் அதேதான். பருந்தின் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள்.

என் முதல் அடி 2004 செப்டம்பரில். பின்னால் ஏதோ துணியை உதறுவது போல் ஒரு விசிறல் கேட்டது. அடுத்த கணம் கொட்டாங்கச்சியில் கூழாங்கல் பட்டது போல் தலைக்கவசத்தில் ஒரு 'டக்'. நாய் என்றால் நிற்பேன். இது மேலிருந்து வந்ததால் மிதித்துத் தப்பலாம் என்று நினைத்தேன். அந்த நூறு மீட்டருக்குள் ஐந்து முறை இறங்கியது. ஐந்தாவதில் காது மடலில் ரத்தம். இதை அன்றிரவே தொலைபேசியில் அப்பத்தாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் நான் செய்த பெரிய தவறு. கறுப்புப் பறவை தலையில் தட்டியது என்று கேட்ட மாத்திரத்தில் அவர், அது காகம் இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும் கேளாமல், அந்தச் சனிக்கிழமையே சித்தப்பாவை அழைத்துக்கொண்டு குச்சனூர் போய்ச் சனீசுவரருக்கு எள் விளக்கு ஏற்றிவிட்டு வந்தார். நம் ஊரிலும் தலையில் தட்டும் காகத்துக்குப் பக்கத்து மரத்தில் குஞ்சு இருக்கும் என்பது எனக்கு அதன் பிறகுதான் உறைத்தது.

பிரிஸ்பேனில் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேரில் ஜோன்ஸ் இந்தப் பறவையை நெடுங்காலம் ஆய்ந்தவர். ஆண் மேக்பைகளில் பத்தில் ஒன்று அளவே ஆட்களின் மேல் பாய்கிறது என்பதும், அப்படிப் பாய்கிறவற்றிலும் ஒன்று நடப்பவர்களை மட்டும், இன்னொன்று தபால்காரரை மட்டும், மற்றொன்று சைக்கிள்காரர்களை மட்டும் என்று ஆள் வகை பார்த்துப் பாய்கிறது என்பதும் அவர்கள் கண்டவை. ஆக, நீங்கள் அஞ்ச வேண்டியது மேக்பை என்ற இனத்துக்கு அல்ல. உங்கள் பத்து கிலோமீட்டரில் கூடு கட்டியிருக்கும் ஒன்று அல்லது இரண்டு குறிப்பிட்ட பறவைகளுக்கு. அவை எந்த மரத்தில் இருக்கின்றன என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவை ஆள் முகத்தை நினைவில் வைத்திருக்கும் என்பதும் உறுதி. ஆகவேதான் கல் வேண்டாம் என்றேன். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட பறவை என்பது ஒரு காரணம். ஒருமுறை கல்லெறிந்தவரை அது ஆண்டுதோறும் அடையாளம் கண்டு பாயும் என்பது அதைவிட நடைமுறையான காரணம்.

செய்ய வேண்டியது எளிது, ஆனால் மனம் ஒப்பாது: இறங்கி நடக்க வேண்டும். சைக்கிள்காரர் மேல் பாயும் பறவைக்கு, இறங்கி உருட்டிக்கொண்டு போகிறவர் பெரும்பாலும் வேறு ஆள். கூடு இருக்கும் மரத்திலிருந்து நூற்றைம்பது மீட்டர் தாண்டியதும் ஏறிக்கொள்ளலாம். நடக்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே நடங்கள், முதுகு காட்டினால் துணிவு வந்துவிடும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் கண்ணில் பட்ட காயங்கள்தான் உண்மையிலேயே ஆபத்தானவை. தலைக்கவசத்தில் கேபிள் டைகளை (கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் பிளாஸ்டிக் பட்டைகளை) முள்ளம்பன்றி போல் செருகிக்கொண்டு போகிறவர்களை நிறையப் பார்ப்பீர்கள். நானும் இரண்டு ஆண்டு செருகிப் பார்த்தேன். பறவை அப்போதும் வந்தது, கவசத்தைத் தொடாமல் ஓரடி மேலே திரும்பிப் போனது, அவ்வளவுதான். அலகைவிடப் பதற்றத்தில் ஹேண்டில்பாரை ஒடிப்பதுதான் கேடு. 2019 செப்டம்பரில் வுலங்காங் அருகே ஒரு பூங்காவில், மேக்பையிடமிருந்து விலகப் பாதையைவிட்டு இறங்கிய 76 வயது முதியவர் வேலிக்கம்பத்தில் மோதி உயிரிழந்தார். உங்கள் மேல் பாய்ந்த அதே மேக்பை நவம்பரில் உங்கள் சன்னலுக்கு வெளியே வேலியில் உட்கார்ந்து, தொண்டைக்குள்ளேயே இரண்டு குரல் எடுத்துப் பாடும். அந்த நாட்டில் அதைவிட இனிய விடியல் ஒலி எனக்குத் தெரியாது.

செப்டம்பரில் இன்னொன்றும் உங்கள் மேல் பாயக்கூடும், அது உங்களுக்குத் தெரிந்த குரல். வண்டியூர்க் கண்மாய்க் கரையில் ஆள் நடமாட்டம் கண்டால் கத்திக்கொண்டு எழும் ஆட்காட்டியின் பங்காளி ஒன்று அங்கே உண்டு: மஞ்சள் முகமூடி போட்டது போன்ற முகம், சிறகு மடிப்பில் கூர்முள். விளையாட்டு மைதானத்தின் நடுவிலும், வட்டச்சாலைத் திட்டின் புல்லிலும், வெறுந்தரையில் முட்டையிடும். கத்தல்தான் அதிகம். கால் வைக்கும் இடத்தைப் பார்த்துச் சுற்றிப் போய்விடுங்கள்.

இனிப் பாம்பு. அக்டோபரில் வெயில் ஏறியதும், தார்ப்பாதை சூடு பிடிக்கும் இடங்களில் பழுப்புப் பாம்பு வந்து படுக்கும். நல்ல பாம்பின் படமோ, கண்ணாடி விரியனின் சங்கிலிப் புள்ளியோ இதற்கு இல்லை. தோலுரிந்த யூகலிப்டஸ் குச்சி ஒன்று கிடப்பது போலவே கிடக்கும். நான் அப்படி ஒரு 'குச்சி'யின் மேல் சக்கரத்தை ஏற்றப் போய், அது தலையைத் தூக்கிப் பார்த்தபோது, மூன்று அடி தள்ளிக் கால் ஊன்றி நின்றிருக்கிறேன். அது கழுத்தை 'எஸ்' வடிவில் வளைத்து ஒரு நிமிடம் நின்றது, பிறகு புல்லுக்குள் போயிற்று. எதிர்ப்பட்டால் ஐந்தாறு மீட்டர் தள்ளி நின்று வழி விடுங்கள். அடிக்கக் கம்பு தேடாதீர்கள். பலர் கடிபடுவது அப்படித்தான், கொல்வது சட்டப்படி குற்றமும்கூட.

கடிபட்டால் முதலுதவியில் ஒரு வேறுபாடு உண்டு, அதை மட்டும் கவனமாகப் படியுங்கள். இங்கே கண்ணாடி விரியன் போன்றவற்றின் நஞ்சு கடிவாயைச் சுற்றியுள்ள தசையையே அழிப்பதால் இறுக்கிக் கட்டாதே என்று சொல்கிறார்கள், அது சரி. அங்குள்ள கொடிய பாம்புகளின் நஞ்சு பெரும்பாலும் நிணநீர் வழியே உடலில் பரவுவது. ஆகவே, இழுத்தால் நீளும் அகலமான கட்டுத்துணியால் கை அல்லது கால் முழுவதையும், சுளுக்குக்குக் கட்டுவது போன்ற அழுத்தத்தில் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் செய்து, இருந்த இடத்திலேயே இருந்து 000 என்ற அவசர உதவி எண்ணை அழைக்க வேண்டும். கடிவாயைக் கழுவக் கூடாது. எந்தப் பாம்பு என்று பார்க்க அங்கே எஞ்சியிருக்கும் நஞ்சு உதவும். நடக்கவும் கூடாது, சைக்கிளில் ஏறவே கூடாது. என் கைப்பையில் அந்தக் கட்டுத்துணி இரண்டு சுருள் எப்போதும் கிடக்கும், இதுவரை பிரித்ததில்லை. உங்கள் அம்மாவிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: ஆஸ்திரேலியா முழுவதிலும் பாம்புக்கடியில் இறப்பவர்கள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டு மூன்று பேர், இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. திருமங்கலத்தில் வரப்பில் நடந்து வளர்ந்த பிள்ளை அங்கே பாதுகாப்பான இடத்துக்குத்தான் போகிறது.

மற்றவை சில்லறை. தெருநாய் இல்லை, இருக்கும் நாய்கள் கயிற்றில் வரும், நாய் வழி வெறிநோயும் அந்நாட்டில் கிடையாது. ஆனால் ஏரிக்கரைப் பூங்காவில் பழந்தின்னி வௌவால்கள் தொங்கும். பாதையில் ஒன்று விழுந்து கிடந்தால் இரக்கப்பட்டுக் கையால் தொடாதீர்கள், வெறிநோய்க்கு நெருங்கிய கிருமி ஒன்று அவற்றில் உண்டு. நம் ஊர் மைனாவையும் பார்ப்பீர்கள். 1860-களில் மெல்பர்னில் கொண்டுவந்து விட்டதன் வழித்தோன்றல்கள். அங்கே மரப்பொந்துகளை ஆக்கிரமிப்பதாக அதன் மேல் எல்லோருக்கும் கோபம். முதல் வருடம் அதன் குரலைக் கேட்டு ஒத்தக்கடை பஸ் நிறுத்தத்தை நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் கூண்டு வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

தலைக்கவசம் இங்கிருந்து வாங்கி வராதீர்கள். அங்கே அது கட்டாயம், அந்நாட்டில் ஏற்கப்பட்ட தரச் சான்று ஒட்டியதாகவும் இருக்க வேண்டும். நான் ஜூலை நடுவில் திரும்பிவிடுவேன். நீங்கள் வந்த முதல் ஞாயிறு பகலில் இருவரும் ஒருமுறை அந்த வழியை ஓட்டிப் பார்க்கலாம். ஓ'கானர் மேட்டிலிருந்து இறங்கும் வளைவில் நிற்கும் யூகலிப்டஸ் மரத்தைக் காட்டுகிறேன், மூன்று ஆண்டாகக் கூடு அதில்தான். அது தட்டினால் எனக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு அக்டோபர் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம், இல்லையென்றால் உங்கள் அம்மாவும் குச்சனூருக்கு வண்டி பிடிக்க வேண்டியிருக்கும்.