'முருகன்' என்ற பெயரை இஸ்ஆல்ஃபா ஏன் ஏற்க மறுக்கிறது?

படிவத்தின் பெயர்க் கட்டத்தில் எழுத்துகள் மட்டுமே இருக்கின்றனவா என்று பார்க்கப் பைத்தான் நிரல்மொழியின் இஸ்ஆல்ஃபா என்ற செயற்கூறைப் பயன்படுத்தியதாகவும், ஆங்கிலத்தில் எழுதிய பெயர்கள் தேறிவிட, தமிழ்ப் பெயர்கள் எல்லாம் தள்ளுபடியாவதாகவும், ஆகவே நூலகச் செயற்கூறுகளை விட்டுவிட்டு எழுத்துகளின் எண் வரம்பைக் கையாலேயே எழுதிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கையால் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தச் செயற்கூறு தவறு செய்யவில்லை. நாம் கேட்பதாக நினைக்கும் கேள்வி ஒன்று, அது விடை சொல்லும் கேள்வி வேறொன்று.

இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன். ஒரு பதிவுப் படிவத்துக்கு நிரல் எழுதியபோது, சோதனைக்காக அ, ஆ, இ, பிறகு 'பல', 'வர' என்று தட்டச்சு செய்து பார்த்தேன், எல்லாம் தேறின. தமிழும் வேலை செய்கிறது என்று குறித்துவைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் முதலில் பதிய வந்தவர் பெயர் முருகன்.

நம் கண்ணுக்கு 'முருகன்' நான்கு எழுத்து. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு தரமுறையில் அது ஏழு குறியெண்: ம, உகரக் குறி, ர, மீண்டும் உகரக் குறி, க, ன, புள்ளி. ஒவ்வொரு குறியெண்ணுக்கும் யூனிகோடு ஒரு வகையைக் கொடுத்திருக்கிறது. உயிரெழுத்துகளும், அகரமேறிய மெய்களும், ஆய்தமும் 'எழுத்து' வகையில் இருக்கின்றன. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 'குறி' வகையில் இருக்கின்றன. இஸ்ஆல்ஃபா எழுத்து வகையை மட்டுமே ஏற்கும் என்பதாலும், சரத்தில் (குறியெண்களின் தொடரில்) ஒன்று தவறினாலும் முழுச் சரத்துக்கும் 'இல்லை' என்றே சொல்லும் என்பதாலும், முருகனின் இரண்டு உகரக் குறிகளும் ஒரு புள்ளியும் சேர்ந்து அவரை வெளியே நிறுத்திவிட்டன. நான் சோதித்த சொற்களில் குறியும் இல்லை, புள்ளியும் இல்லை, அதனால்தான் தேறின. ஒற்றிலோ ஆகார, இகரங்களிலோ முடியாத தமிழ்ப் பெயரைத் தேடிப் பாருங்கள், சிக்கலின் அளவு புரியும்.

இந்த அமைப்பு 1988இல் இந்திய மொழிகளுக்காக வகுக்கப்பட்ட இஸ்கி குறிமுறையிலிருந்து யூனிகோடுக்கு வந்தது. மெய்யை அடிப்படையாகக் கொண்டு புள்ளியிடுவதற்குப் பதிலாக, அகரமேறிய 'க'வை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து அகரத்தை நீக்கும் குறியாகப் புள்ளியை அது கருதுகிறது. நம் இலக்கணப்படி இது தலைகீழ்தான். ஆனால் இனி மாறப்போவதில்லை. தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்ற தேஸ்16 குறிமுறையில் உயிர்மெய்கள் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு என்றாலும், அவை தனியார் பயன்பாட்டுப் பகுதியில் அமைந்திருப்பதால் இஸ்ஆல்ஃபா அவற்றையும் எழுத்தென்று ஒப்பாது.

ஜாவா மொழியில், எழுத்தா என்று பார்க்கும் இஸ்லெட்டருக்கு மாற்றாக இஸ்ஆல்ஃபபெட்டிக் என்று ஒன்று இருக்கிறது. அது உயிர்மெய்க் குறிகளை ஏற்கும், புள்ளியை ஏற்காது. ஆகவே அங்கே 'ராதா' தேறுவார், முருகன் அப்போதும் வெளியேதான் நிற்பார். பைத்தானின் ரீ தொகுதியில் சொற்களைப் பிரிக்கும் வடிவமும் இப்படியே 'முருகன்' என்பதை ம, ர, கன என்று மூன்று துண்டாக்கும்.

கையால் வரம்பு எழுதுவது ஏன் கூடாது என்பதற்கு ஆங்கிலமே போதுமான சான்று. பெரிய ஏ முதல் சிறிய இசட் வரை என்று எழுதினால், 90க்கும் 97க்கும் இடையில் உள்ள சதுர அடைப்பு, அடிக்கோடு உள்ளிட்ட ஆறு குறியீடுகள் உள்ளே புகுந்துவிடும். தமிழுக்கு 2944 முதல் 3071 வரை என்று எழுதினால், அந்த 128 இடங்களில் எழுத்தோடு எண்களும் ரூபாய்க் குறியும் ஒதுக்கப்படாத வெற்றிடங்களும் சேர்ந்தே வரும்.

சி மொழியில் நிலைமை இன்னும் கடினம். அங்குள்ள இஸ்ஆல்ஃபா ஒரு நேரத்தில் ஒரு பைட்டைத்தான் பார்க்கிறது. யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'த' என்பது 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகள். பைட்டை வைக்கும் கார் என்ற தரவு வகை எதிர்ம எண்களையும் கொள்வதாக இருக்கும் கணினிகளில் 224 என்பது -32 ஆகிவிடும். 0 முதல் 255 வரையிலான எண்ணோ கோப்பு முடிவுக் குறியோ அல்லாத எதைக் கொடுத்தாலும் என்ன நடக்கும் என்பதற்குத் தரவரையறை பொறுப்பேற்பதில்லை. எதிர்ம எண் இல்லாத அன்சைன்ட் கார் என்று மாற்றிக் கொடுத்தால் விபத்து தவிர்க்கப்படும். தமிழ் எழுத்தா என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காது. இன்னொன்று: அது 'ஆம்' என்பதற்கு 1ஐத் திருப்பும் என்று எண்ணி ஒப்பிடாதீர்கள். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் 1024 வருவதைப் பார்த்து ஒரு மாலை முழுக்கக் குழம்பியிருக்கிறேன். சுழியல்லாத எதுவும் அங்கே 'ஆம்'தான்.

உங்கள் படிவத்துக்குப் பைத்தானோடு வரும் யூனிகோடுடேட்டா தொகுதியே போதும். முதலில் சரத்தை என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்த 'கொ' அப்போதுதான் ஒரே குறியாகச் சேரும். பிறகு அந்தத் தொகுதியில் வகையைச் சொல்லும் கேட்டகரி செயற்கூறைக் குறியெண்தோறும் அழைத்து, விடையின் முதலெழுத்து எல் (எழுத்து) அல்லது எம் (குறி) என்றால் ஏற்றுக்கொள்ளுங்கள். சரத்தின் தொடக்கம் மட்டும் எல் ஆகவே இருக்க வேண்டும், இல்லையேல் துணைக்கால் தனியாக நிற்கும் பெயரும் தேறிவிடும். இடைவெளியையும் முற்றுப்புள்ளியையும் அனுமதிக்க மறக்காதீர்கள்; தலைப்பெழுத்து இல்லாமல் நம்மவர் பெயர் எழுதுவது அரிது.

தொலைபேசி எண் கட்டத்துக்கு இஸ்டிஜிட் வேண்டாம். மேலே ஏற்றி எழுதும் சிறிய ² என்பதை அது இலக்கம் என்று ஏற்கும், அதையே இன்ட் முழு எண்ணாக மாற்ற முயன்று பிழை எறியும். இஸ்டெசிமல் அதை நிராகரிக்கும். ஆனால் ௧௨ என்று தமிழில் எழுதினால் ஏற்கும், இன்ட்டும் அதை முறையாக 12 ஆக்கிவிடும். பத்தைக் குறிக்கும் ௰ மட்டும் இஸ்டிஜிட், இஸ்டெசிமல் இரண்டிலும் தேறாது. உங்கள் தரவுத்தளத்துக்கு 0 முதல் 9 வரை மட்டுமே வேண்டுமென்றால், இஸ்டெசிமலோடு, ஆங்கில அடிப்படைக் குறியெண்கள் மட்டுமா என்று பார்க்கும், பைத்தான் 3.7இல் வந்த இஸ்ஆஸ்கியையும் சேர்த்துச் சோதியுங்கள்.