அப்போஸ்டில் என்றால் என்ன? நோட்டரி கையெழுத்து போதாதா?

உங்கள் டிகிரி சான்றிதழிலோ பிறப்புச் சான்றிதழிலோ இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று நம் வெளியுறவு அமைச்சகம் பிற நாட்டுக்குத் தரும் உறுதிதான் அப்போஸ்டில். பார்ப்பதற்குச் சின்னச் சதுர ஸ்டிக்கர். சான்றிதழின் பின்பக்கம் ஒட்டி, அதற்கென்று தனி எண் போட்டிருக்கும்.

இத்தாலியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு நம் ஊர்ப் பதிவாளரின் கையெழுத்து எப்படித் தெரியும்? நோட்டரியையும் அவருக்குத் தெரியாது. சம்பந்தம் பேசும்போது, இரு வீட்டுக்கும் தெரிந்த பெரியவர் "ஆமாம், இவர் அந்த வீட்டுப் பையன்தான்" என்று சொல்வாரே, அதே வேலைதான் இது. அதனால்தான் முதலில் மாநில அரசு சரிபார்க்கும், அப்புறம் அமைச்சகம்.

1961 ஹேக் ஒப்பந்தத்தில் உள்ள நாடுகளுக்கே இது செல்லும். இந்தியாவுக்கு இந்த ஒப்பந்தம் 2005-ல் நடைமுறைக்கு வந்தது. கத்தார் அதில் இல்லை, அங்கே போவதென்றால் தூதரகச் சான்றும் வேண்டும். தயவுசெய்து அசல் சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள். ஸ்டிக்கரும் முத்திரையும் காகிதத்தின் மேலேயே விழ வேண்டும்.

அப்போஸ்டில் வாங்கிவிட்டால் வெளிநாட்டில் உங்கள் படிப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது கையெழுத்துக்கும் முத்திரைக்கும் மட்டுமே சாட்சி, படிப்பு அங்கே செல்லுமா என்பதை அந்த நாடுதான் தனியாக முடிவு செய்யும்.