எம்.டி.யோடு பிஎச்.டி.யா?

கேள்வி: சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம். சென்னையில் எம்.டி. தோல் மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இப்போதே பிஎச்.டி.க்கும் பதிவு செய்துவிட்டால் பின்னால் பேராசிரியர் ஆக உதவும் என்கிறார்கள் சீனியர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்யலாமா? – பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: முடியாது. எம்.டி. மூன்று வருடமும் முழுநேரப் படிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் கதவைத் திறந்தபோதும் பிஎச்.டி.யை வெளியே நிறுத்திவிட்டுத்தான் திறந்தது. பிரிட்டனில் சிறப்புப் பயிற்சியில் இருப்பவர்கள் பயிற்சியிலிருந்து சில வருடம் வெளியே வந்து, ஆய்வை முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். நைட் டூட்டிக்கு நடுவே எழுதுகிற சமாச்சாரம் இல்லை அது.

சீனியர்கள் சொன்னதும் அரைகுறை. மருத்துவக் கல்லூரியில் தோல் துறை ஆசிரியராகப் பட்டம் என்ற அளவில் எம்.டி. போதும். பதவி உயர்வுக்குக் கேட்பது ஆய்வுக் கட்டுரைகளைத்தான். பெயருக்கு முன்னால் போட 'டாக்டர்' ஏற்கனவே இருக்கிறதே!

சரி, எம்.டி.க்கு நீங்கள் எழுத வேண்டிய ஆய்வேடு, அதாவது தீசிஸ், என்ன ஆயிற்று? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே கொடுத்தாக வேண்டும். கைடு சொன்ன தலைப்பு, போன வருட சீனியரின் முன்னுரை, காசுக்குப் புள்ளிவிவரக் கணக்குப் போட்டுத் தரும் ஆள் என்று பலருக்கு அது ஒப்பேறிவிடுகிறது. நீங்களும் அந்த வரிசையில் நின்றுகொண்டா பிஎச்.டி. கேட்கிறீர்கள்? (இல்லையென்றால் மன்னியுங்கள்.)

உங்கள் ஊர்ப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மணிக்கணக்கில் மூழ்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றிக்கொள்வார்கள். அப்படியும் கிழியும். உப்புத் தண்ணீரில் ஊறும். சொறி மீன் (ஜெல்லி மீன்) பட்டால் தடித்துப்போகும். மறுபடியும் அதே கையோடுதான் கடல். தோல் மருத்துவம் படிக்கிற உங்கள் கண்ணில் அந்தக் கை இன்னும் படவில்லையா?

எம்.டி.யில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைப் பணி உண்டு. ராமநாதபுரம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு நெறிமுறைக் குழு) அனுமதியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு ஐம்பது பேரின் கைகளையாவது பார்த்து எழுதுங்கள். ஒரு கட்டுரை தேறும். அதிலிருந்து விடை தெரியாத கேள்வி ஏதாவது கிளம்பி உங்கள் தூக்கத்தைக் கெடுத்தால், எம்.டி. முடித்த கையோடு பிஎச்.டி.க்குப் போங்கள்.

அப்புறம், அவர்கள் பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துப் போங்கள். மற்ற நாளில் உங்களிடம் கையை நீட்டிக்கொண்டு உட்கார அவர்களுக்கு நேரமிருக்காது.