கனமும் மாய்மாலமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘கனம்பண்ணுகிறதிலே ஒருவருக்கொருவர் முந்திக்கொள்ளுங்கள்’ (ரோமர் 12:10) என்ற வசனம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். என் மாமனார் நாலு பேர் முன்னால் என்னை மட்டம்தட்டியே பேசுவார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை; மரியாதையாகவே நடந்துகொள்கிறேன். ஆனால் உள்ளுக்குள் அவர்மேல் துளியும் மதிப்பில்லை. இது மாய்மாலம் அல்லவா? அதற்கு முந்தைய வசனமே ‘உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக’ என்கிறதே. என் கணவரிடம் சொன்னால், “பெரியவர், கனம்பண்ண வேண்டியது நம் கடமை, பொறுத்துக்கொள்” என்கிறார்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

நீங்கள் காட்டிய 9ஆம் வசனம் அதோடு முடியவில்லை. ‘தீமையை வெறுத்து, நன்மையைப் பற்றிக்கொண்டிருங்கள்’ என்று தொடர்கிறது. அதன் பிறகுதான் இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலன் பவுல் கனம்பண்ணச் சொல்கிறார். ஆகவே உங்கள் மாமனார் பேசுவது தவறு என்று உங்கள் மனம் சொல்வதில் குற்றமில்லை. அதைச் சரி என்று நடித்தால்தான் மாய்மாலம்.

ஒருவர்மேல் வியப்பு வருவதும் வராததும் அவர் நடத்தையைப் பொறுத்தது. கனம் அப்படியல்ல. அவரும் தேவசாயலில் படைக்கப்பட்டவர் என்பதே அதற்குப் போதும். துன்பத்தின் நடுவே இருந்த விசுவாசிகளுக்குத்தான் பேதுரு ‘எல்லாரையும் கனம்பண்ணுங்கள்’ என்று எழுதினார் (1 பேதுரு 2:17). தகுதி பார்த்துச் செய்யுங்கள் என்று அவர் சொல்லவில்லை.

1 சாமுவேல் 24ஆம் அதிகாரத்தை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். தாவீதைக் கொல்ல மூவாயிரம் பேரோடு வந்த சவுல் ராஜா, தாவீதுக்கு மாமனாரும்கூட. அதே சவுல் குகைக்குள் தனியாகக் கைக்கு எட்டும் தூரத்தில் கிடைக்கிறார். தாவீது சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொள்கிறார். அதற்கே அவர் மனது அடித்துக்கொள்கிறது. பிறகு வெளியே வந்து, தரைமட்டும் குனிந்து வணங்கி, ‘என் தகப்பனே’ என்று கூப்பிடுகிறார். ஆனால் அடுத்து அவர் பேசுவதைக் கவனியுங்கள். நான் உமக்கு ஒரு துரோகமும் செய்யவில்லை, நீரோ என் பிராணனை வாங்கத் தேடுகிறீர் என்று சவுலிடமே சொல்கிறார். கர்த்தர் நியாயம் விசாரிக்கட்டும் என்கிறார். குனிந்து வணங்கிய அதே மனிதர்தான் ஒன்றையும் மறைக்காமல் பேசியதும். சவுல் அழுகிறார், நீ என்னைப்பார்க்கிலும் நீதிமான் என்று ஒப்புக்கொள்கிறார். அப்படியும் தாவீது அவரோடு வீட்டுக்குப் போகவில்லை. தன் ஆட்களோடு கோட்டைக்கு ஏறிப்போனார். கனம்பண்ணுகிறவர் விலகியிருக்கக் கூடாது என்று வேதம் சொல்லவில்லை.

நம் சபைகளில் இந்த வசனம் பெரும்பாலும் இளையவர்களுக்கும் மருமகள்களுக்குமே போதிக்கப்படுகிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தருகிறது. பவுல் சொன்னது ‘ஒருவருக்கொருவர்’. அதே நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் அவரே அதைச் செய்து காட்டுகிறார். அப்போஸ்தலனாகிய அவர் பெபேயாள், பிரிஸ்கில்லாள், மரியாள், பெர்சியாள் என்று பெண்களைப் பெயர் சொல்லி, அவரவர் பட்ட பிரயாசத்தையும் சொல்கிறார். ரூபுவின் தாய் எனக்கும் தாய் என்கிறார். ஒருவர் இல்லாத இடத்தில் அவர் செய்ததை நாலு பேர் அறியச் சொல்வதுதான் அன்றாட வாழ்வில் நாம் செய்யக்கூடிய கனம். மேடையில் முன்வரிசை நாற்காலி கொடுப்பதை நான் அதில் சேர்க்கமாட்டேன்.

உங்கள் மாமனாரிடம் பேசுங்கள். கோபம் தணிந்த நேரத்தில், தனியாக, “மாமா” என்று கூப்பிட்டே, அந்தப் பேச்சு உங்களை எப்படிக் காயப்படுத்துகிறது என்று சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன்னால் பேச வேண்டியவர் உங்கள் கணவர். மனைவிக்குச் செய்ய வேண்டிய கனத்தைச் செய்யாவிட்டால் ஜெபமே தடைபடும் என்று 1 பேதுரு 3:7 புருஷர்களை எச்சரிக்கிறது. அப்பாவை அவர் கனம்பண்ணட்டும். அந்த அப்பா உங்களை மட்டம்தட்டும்போது, “அப்பா, அப்படிப் பேசாதீர்கள்” என்று அந்த இடத்திலேயே சொல்லட்டும். இந்தப் பதிலை அவரிடம் காட்டுங்கள்.